தாலிகட்டு இறங்கிய கிழமை

என் அக்கா இராசமலரின் மகள் சுகிர்தாவுக்கும் லிங்கநகர்ப் பூரணமக்காவின் மகன் குகதாசனுக்கும் நோர்வேயில் கலியாணம் நடந்து ஊரெல்லாம் தெரிந்த பிறகும், பூரணமக்கா மட்டும் அது நடக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"எழுத்து நடந்தது, ஓம். ஆனா தாலி கட்டேல்ல. எழுதினா கலியாணமோ? காணிக்கும்தான் எழுதுறது" என்பது அவருடைய கட்சி.

அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாரியில் அங்கே பதிவுத் திருமணம் நடந்தபோது வந்த படத்தில் குகதாசன் கோட்டுப் போட்டிருந்தான். சுகிர்தாவின் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலியைத் தவிர ஒன்றும் இல்லை. வைகாசியில் ஒரு மண்டபம் எடுத்து, ஐயரை வைத்து, முறைப்படி தாலி கட்டினார்கள். அதற்குப் போகப் பூரணமக்கா கேட்ட விசா கிடைக்கவில்லை. புருசன் இல்லாத மனிசி, ஒரே பிள்ளை, அவன் தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்க முடியவில்லை. அந்தக் கோபத்தை விசாக் கொடுக்காதவர்களிடம் காட்ட முடியுமா? தாலியின்மேல் காட்டினார்.

கூறைச்சேலையும் தாலியுமாகச் சுகிர்தா நிற்கும் படங்களை நான் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தார். "எங்கட சந்தியில இருக்கிற ஸ்டூடியோவில நானும் தாஜ்மகாலுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தனான் ரீச்சர்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். "அவன் கட்டுறதை நான் கண்ணால காண வேணும். கண்டாத்தான் அந்த மனிசியின்ர வீட்டுப் படி மிதிப்பன்."

அந்த மனிசி என்றது என் அக்காவை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தபின் நாலாஞ்சடங்கு என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டாரைப் பெண்வீட்டார் அழைத்து, மீன் இறைச்சி என்று மச்சம் சமைத்து, இரண்டு பகுதியும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது. பெயர்தான் நாலாம் நாள். வசதிப்பட்ட நாளில் வைக்கலாம். பிள்ளைகள் தூரத்தில் இருந்தாலும் பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள், அந்தச் சாப்பாடாவது முறையாக நடக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். ஆடி பிறந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் வராமல் யாருக்குச் சோறு போடுவது?

அதைவிட மோசம், சுகிர்தா எடுக்கும் தொலைபேசி. "மாமிக்கு எடுத்தனான் அம்மா. என்ர குரல் கேட்ட உடன வைச்சிட்டா" என்று பிள்ளை அங்கே அழும். என் கடையின் இரண்டாம் தொலைபேசிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு அக்கா இங்கே அழுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தாலிகட்டை நான் பூரணமக்காவின்ர கண்ணுக்கு முன்னால கொண்டுவந்து வைக்கிறன், நீ மூக்கைத் துடை" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று யோசித்துச் சொன்னதல்ல. நான் கோபத்தில் எதையும் யோசித்துச் சொல்வதில்லை.

என் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் முன்பு தட்டெழுத்து வகுப்பு நடத்தினேன். அதனால்தான் ஊருக்கு நான் ரீச்சர். தட்டெழுத்து படிக்க ஆள் வராமல் போனதும் இயந்திரங்களை விற்றுவிட்டு, ஐந்து கணினியும் மட்டைத் தடுப்பு வைத்த பெட்டிகளுமாகக் கோணேஸ் கொமினிக்கேஷன் என்று பலகை மாட்டினேன். இந்தக் கதை நடந்தது இரண்டாயிரத்து ஏழில், யுத்த காலத்தில். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு இல்லை, பின்னேரம் ஆனால் வீதியில் ஆள் இல்லை. எனவே பகலில் கடைக்குள் நல்ல சனம்.

கலியாண வீடியோவைக் குகதாசன் சீடியில் போட்டுத் தபாலில் அனுப்பியிருந்தான். அது வழியில் எங்கேயோ நின்றது. அந்த நாட்களில் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்ப ஏலாத பெரிய சாமான். கடைசியில், தன் வேலையிடத்துக் கணினி ஒன்றில் போட்டு வைத்திருப்பதாகவும், அங்கே வெளியாட்கள் நுழைய முடியாதபடி கதவு பூட்டியிருப்பதாகவும், ஆனால் வீபீஎன் என்று ஒன்று போட்டால் அதற்குள்ளால் வந்து எடுக்கலாம் என்றும் சொன்னான். தொலைபேசியை ஸஹாப்தீனிடம் கொடுத்தேன்.

ஸஹாப்தீன் குறிஞ்சாக்கேணிக்காரன். என்னிடம் தட்டெழுத்துப் படித்தவன். கிண்ணியாத் துறையில் பாதை ஏறி, அதாவது வாகனங்களையும் ஆட்களையும் அக்கரைக்கு இழுத்துவிடும் அந்தப் பெரிய மிதவையில் ஏறித் தினமும் பட்டினத்துக்கு வந்து, கடை கடையாகக் கணினி திருத்துவான். நிதானமான ஆள். அவன் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் நான் மூன்று சொல் சொல்லி, அதில் இரண்டுக்கு மன்னிப்பும் கேட்டுவிடுவேன்.

குகதாசன் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "விளங்கிட்டு ரீச்சர். இஞ்சயிருந்து அங்க ஒரு சுரங்கம் போடோணும்."

முதலாம் பெட்டியில் கதைத்துக்கொண்டிருந்தவர் கதையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வெளியே சந்தியில் காவலரண், இவன் கடைக்குள் இருந்து சுரங்கம் போடப் போகிறானாம்.

"தம்பி, அந்தச் சொல்லை இந்தக் கடையில சொல்லக் கூடாது. பைப் எண்டு சொல்லும்."

"சரி ரீச்சர். பைப்."

அன்றிலிருந்து அது பைப். நோர்வேயிலிருந்து குகதாசனும் பைப் என்றே சொல்லப் பழகிக்கொண்டான்.

முதலில் ஸஹாப்தீன் பைப்பைக் கடையின் பெரிய கணினியில் பூட்டி இணைக்கப் பார்த்தான். மற்ற நான்கு கணினிகளுக்கும் பெட்டிகளில் கதைக்கும் கோல்களுக்கும் இணையம் அதற்கூடாகத்தான் போகிறது. பைப் பூட்டுப்பட முயன்ற அந்த நிமிடமே கடையிலிருந்த அத்தனை இணைப்பும் அதற்குள் இழுபட்டு, அங்கேயும் போகாமல் இங்கேயும் நில்லாமல் செத்துப்போயிற்று. மூன்றாம் பெட்டியில் ஆமினா உம்மா டோகாவிலிருக்கும் புருசனோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஆட்டை விற்பதா, வளர்ப்பதா என்று அவர் கேட்டு, மனிசன் வாயைத் திறந்த நேரம் அது.

"என்ன சொல்ல வந்தாரோ தெரியா. இப்ப நான் ஆட்டை என்ன செய்ற, ரீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு அவர் பெட்டியை விட்டு வந்தார்.

"வேற வழி இருக்கு ரீச்சர்" என்றான் ஸஹாப்தீன். "கம்பியூட்டருக்குள்ள இன்னொரு கம்பியூட்டர் வைப்பம். பைப்பை அதுக்கு மட்டும் பூட்டுவம்."

நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். அடுத்த நாள் அவன் லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள ஒரு சீடியோடு வந்தான். எழுதிக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து இனாமாகவே அனுப்புகிறார்களாம். பாதையடிச் சோதனையில், படமோ என்று கேட்டார்களாம். கம்பியூட்டர் என்று இவன் சொன்னானாம். சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்களாம்.

எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் பின்னேரமாக அவன் கூப்பிட்டுக் காட்டியபோது கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன். திரையில் ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்குள் மண்ணிறத்தில் இன்னொரு கணினி விழித்துக்கொண்டு பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டிருந்தது. தான் வேறொன்றின் வயிற்றுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. வீட்டில் ஓர் அறையில் குடியிருப்பவர் தனக்கென்று பக்கத்தில் ஒரு வாசல் வெட்டிக்கொள்வது போல, அதற்குத் தனி வாசல். அந்த வாசலில் பைப்பைப் பூட்டினால், பெரிய வீட்டாருக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை.

இன்னொரு வித்தையும் காட்டினான். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு பொத்தானை அமத்தினால், உள்ளே இருப்பது அப்படியே உறைந்து தூங்கிவிடும். அடுத்த நாள் எழுப்பினால், விட்ட சொல்லிலிருந்து தொடரும். இடையில் ஊரடங்கு வந்ததோ, வெடி கேட்டதோ, அதற்கு ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு நித்திரை திருகோணமலையில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

எல்லாம் சரி, பைப் மட்டும் பூட்டுப்பட மாட்டேன் என்றது.

குகதாசன் அங்கே சாவிகளையும் சான்றிதழ்களையும் செய்து மின்னஞ்சலில் அனுப்புவான். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் காண அவை வேண்டும். அஞ்சல் வந்து விழுந்த கையோடு நான், "போடும் தம்பி, போடும்" என்று தோளுக்கு மேலால் நிற்பேன். ஸஹாப்தீன் போடுவான். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒரு வரி வரும். தொலைபேசி எடுத்துச் சொல்வோம். "நான் இப்பதானே சின்னம்மா செய்தனான், புத்தம் புதுசு. வழியில பழுதாப் போச்சோ தெரியேல்ல, பொறுங்கோ" என்று அவன் எல்லாவற்றையும் அடியிலிருந்து திரும்பச் செய்து அனுப்புவான். வந்த கையோடு போடுவோம். திரும்ப அதே வரி.

இப்படியே சில நாள் போயிற்று. குகதாசன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சாவி செய்தான். நாங்கள் சுடச்சுட வாங்கிப் போட்டுச் சுடச்சுட வசை பாடினோம். அக்கா ஒவ்வொரு பின்னேரமும் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே திரும்பிப் போவார். ஆடி கிட்டி வந்துகொண்டிருந்தது.

அந்த வரி மறுபடியும் வந்து நான் கதிரையை உதைத்துத் தள்ளிய ஒரு நேரத்தில்தான் பூரணமக்கா கடைக்குள் ஏறினார். குடையை மடக்கக்கூட இல்லை.

"ரீச்சர், படம் காட்டப் போறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியளாம். எங்க படம்?"

"வந்துகொண்டிருக்கு."

"கலியாணம் நடந்திருந்தாவெல்லோ படம் வரும்."

நான் எழும்பினேன். அதற்குமேல் என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். தட்டெழுத்துப் படிக்க என்று பிள்ளையை அனுப்பினேன், நீங்கள் பெண் பார்த்துக் கட்டிவைத்தீர்கள் என்றார் அவர். அது உண்மையில்லை. சுகிர்தா என் வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்தாள், அவ்வளவுதான். "உங்கட மகன் ஆறு மாதம் வந்து முதல் பாடத்தைத் தாண்டேல்ல. அவன் தட்டச்சைப் பாத்திருந்தா எல்லோ தாண்டுறதுக்கு" என்றேன் நான். "எடுபட்டு நிண்டது உங்கட பெறாமகள்தான்" என்றார். என்னுடைய வாயைப் பற்றிச் சொன்னார். நான் அவருடைய நாக்கைப் பற்றிச் சொன்னேன். முதலாம் பெட்டியில் இருந்தவர் மறுமுனையில் இருந்தவரிடம் "கொஞ்சம் பொறு, இஞ்ச நல்ல சண்டை ஒண்டு நடக்குது" என்று சொல்லி, றிசீவரை எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்ததை என் கண்ணால் கண்டேன்.

ஸஹாப்தீன் பாவம். மூத்த பொம்பிளையள் இரண்டு பேர் சண்டை பிடிக்கும்போது எங்கே பார்ப்பது? திரையைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் ஏலாமல், கடைசியாகக் கொடுத்த கட்டளையையே திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருந்தான்.

"ரீச்சர்" என்றான் மெல்ல.

"பொறும்."

"ரீச்சர், பைப் பூட்டுப்பட்டுட்டு."

நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கெட்ட வரியைக் காணவில்லை. அதற்குப் பதிலாக வேறு வரிகள் மளமளவென்று இறங்கி, கடைசியில் இணைப்பு ஏற்பட்டது என்று நின்றது.

"என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யல்ல. அதே சாவிதான். சண்டை பாத்துக்கிட்டு இருந்தன்."

அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தான். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான், கணினியின் மூலையிலிருந்த நேரத்தைப் பார்த்தான். பிறகு, "போன வருசம் சித்திரையில நாட்டு நேரத்த மாத்தினவங்கதானே. அப்ப இந்தக் கம்பியூட்டர்ல நேரத்த எப்பிடி மாத்தின?" என்று கேட்டான்.

"எல்லாரும் மாத்தின மாதிரித்தான். முள்ளை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினன்."

அதுதான் விசயம். பத்து வருசம் நாங்கள் புது நேரம், பழைய நேரம் என்று இரண்டு நேரத்தோடு வாழ்ந்தவர்கள். கலியாண அழைப்பிலும், எந்த நேரம் என்று பார்த்துத்தான் புறப்படுவோம். அரசாங்கம் திரும்பப் பழைய நேரத்துக்கே வந்தபோது வீட்டு மணிக்கூட்டைத் திருப்பிய கையோடு கணினியையும் திருப்பிவிட்டோம். கண்ணுக்குத் தெரியும் நேரம் சரி. ஆனால் எங்கள் நாடு உலக நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று உள்ளே ஒரு கணக்கு இருக்கிறதாம், அதை யாரும் தொடவில்லை. அது இன்னும் புது நேரக் கணக்கையே வைத்துக் கழித்து, உலக நேரத்தை அரை மணித்தியாலம் பிந்தி எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே குடியிருந்த லினக்ஸும் அதனிடம்தான் நேரம் கேட்டது. குகதாசன் இந்த நிமிடம் செய்த சான்றிதழ், எங்கள் கணினிக்கு இன்னும் பிறக்காத பிள்ளை. அரை மணித்தியாலம் பொறுத்திருந்தால் தன்பாட்டில் பிறந்திருக்கும். நாங்கள் அதற்குள் அவனை விரட்டி வேறொன்றைச் செய்வித்தோம். அன்று சண்டை அரை மணித்தியாலத்துக்கு மேல் நீண்டதால் விரட்ட மறந்துவிட்டோம்.

"அப்ப முதல் நாளே ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்து அமத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"ஆறுதலாக் குடிச்சிருந்தா, ஓம் ரீச்சர்."

எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. பூரணமக்கா இதையெல்லாம் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முழுதாக விளங்கியிருக்காது. வேண்டியது விளங்கிவிட்டது.

"ஆக, நான் வந்து ஏசின படியாத்தான் இது பூட்டுப்பட்டது" என்றார்.

ஸஹாப்தீன் பொய் சொல்லத் தெரியாதவன். "அப்பிடியும் சொல்லலாம் அம்மா" என்றான்.

அந்த நிமிடத்திலிருந்து அது பூரணமக்காவின் பைப். திரையில் எண்கள் கூடிக்கொண்டு போவதைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "உங்கட மகன்தான் வந்துகொண்டிருக்கிறார்" என்றான் ஸஹாப்தீன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

மற்றவர்களின் கதை அறுந்துவிடாமல் இருக்க, அவன் பைப்பைச் சொட்டுச் சொட்டாகத்தான் திறந்துவிட்டிருந்தான். லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் செய்திருந்தான். எனவே நாளாகும். ஆனால் வந்த அளவுக்கு ஓட விட்டுப் பார்க்கலாம் என்று தெரியாத்தனமாக ஒரு சொல் சொல்லிவிட்டான். அடுத்த நாள் கடை திறக்க முன்னமே பூரணமக்கா வாசலில் நின்றார்.

முதல் நாள் வந்தது ரோசாப்பூவுக்குள் இரண்டு பேரின் பெயர், ஒரு வாகனம், மண்டப வாசலில் கிடந்த செருப்புக் குவியல். கமெராக்காரன் அந்தச் செருப்புகளை ஏனோ நெடுநேரம் எடுத்திருந்தான். "வந்த சனத்தை எண்ணலாம்" என்று சொல்லிப் பூரணமக்கா அதையே இரண்டு தரம் பார்த்தார். நிறைகுடம் வந்தது. "வாழையிலை தலைமாறிக் கிடக்கு" என்றார். குத்துவிளக்குக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த நாள் தலைப்பாகையோடு குகதாசன் வந்தான். அவர் திரைக்குக் கிட்டப் போனார். "மெலிஞ்சிட்டான்" என்றார். அவன் கொழுத்திருந்தான்.

அதற்குப் பிந்திய நாள் ஐயர் மந்திரத்தின் நடுவில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். அதோடு வந்தது முடிந்தது. "அவரை அப்பிடியே விட்டிட்டுப் போக மனம் வருகுதில்ல" என்று சொல்லிக்கொண்டு பூரணமக்கா வீட்டுக்குப் போனார்.

இந்த நாட்களில் அவருக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி பின் ஒழுங்கையில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஊற்றியது அக்கா, கொண்டுவந்தது நான். யார் ஊற்றியது என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. ஒருநாள் குவளையைத் திருப்பித் தந்தபோது, "ஊத்தினவவிட்டச் சொல்லுங்கோ, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். போய்ச் சொன்னேன். அக்கா அதற்கு அழுதார். எனக்கென்றால் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஆடிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த ஸஹாப்தீன் கடைசித் துண்டும் இறங்கிவிட்டது என்றான். பூரணமக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அன்று தேத்தண்ணித் தட்டை நான் வாங்கவில்லை.

"நீயே கொண்டு வா" என்று அக்காவிடம் சொன்னேன். "உன்ர மகளின்ர கலியாணம்தானே."

அக்கா வந்து கடை வாசலில் தட்டோடு நின்றார். உள்ளே வரவில்லை. பூரணமக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் ஒரு லேஞ்சித் துணியை முடிந்து வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார். முதலாம் பெட்டிக்காரரும் ஆமினா உம்மாவும் எனக்குப் பின்னால் எட்டி நின்றார்கள்.

வாய் திறந்தபடி நின்ற ஐயர் மந்திரத்தை முடித்தார். தாலித் தட்டு சபையைச் சுற்றிப் போயிற்று. ஒவ்வொருவராகத் தொட்டு வணங்கினார்கள். தட்டுத் திரும்பி வந்தது. குகதாசன் எழும்பினான். சுகிர்தா குனிந்திருந்தாள். அவன் தாலியைக் கையில் எடுத்தான். மேலே ஹெலிகொப்டர் ஒன்று துறைமுகப் பக்கம் போனது. ஸஹாப்தீன் சத்தத்தைக் கூட்டினான். கெட்டிமேளம் தொடங்கியது.

அந்தக் கணம் மண்டபத்தில் இருந்த சனம் முழுக்க அறுகரிசி போட எழும்பிற்று. கமெராவுக்கு முன்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிசன் வந்து நின்றான். திரை முழுவதும் அவனுடைய முதுகு. மேளம் கேட்கிறது, பெண்கள் குரவை இடுகிறது கேட்கிறது, முதுகு அசையவே இல்லை. அந்தக் கோட்டின் நடுத் தையலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவன் ஒருபடியாக விலகியபோது தாலி கட்டி முடிந்து, குகதாசன் தன்னிடத்தில் இருந்துவிட்டான்.

இவ்வளவு பாடும் ஒரு கோட்டைப் பார்க்கத்தானா? பூரணமக்காவைப் பார்க்கப் பயந்து பார்த்தேன்.

அவர் லேஞ்சியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அரிசியும், கிள்ளிய அறுகம்புல்லும். வீட்டிலிருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறார். இரண்டு கையாலும் அள்ளி, திரையில் தெரிந்த இரண்டு தலைகளுக்கும் மேலாகப் போட்டார். அரிசி கண்ணாடியில் பட்டு விசைப்பலகை முழுக்கச் சிதறியது. அந்த மேசைக்குக் கிட்ட ஒரு பிஸ்கட்டைக்கூட நான் யாரையும் கொண்டுபோக விட்டதில்லை.

ஸஹாப்தீன் நேர்மையான பிள்ளை. மவுசில் கையை வைத்தான். "அம்மா, அந்தக் கோட்டுக்காரர் மறைச்சிட்டாரு. பின்னால எடுத்து, மெல்ல மெல்ல நிப்பாட்டிப் பாத்தா ஒருவேள கை தெரியும்."

பூரணமக்கா அவனுடைய கையின்மேல் தன் கையை வைத்தார்.

"வேண்டாம் தம்பி. தாலி ஒருக்காத்தான் கட்டுறது."

பிறகு எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "நான் கண்டனான். நீங்கள் காணேல்லயோ?"

"கண்டனாங்கள்" என்றோம். ஆமினா உம்மாவும், "வடிவாக் கண்டனான்" என்றார்.

பூரணமக்கா எழும்பி வாசலுக்கு வந்து, தட்டிலிருந்த தேத்தண்ணியைத் தானே எடுத்தார். "சம்பந்தியம்மா" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். "எனக்கு நண்டு ஒத்துவராது, மேலெல்லாம் தடிச்சுக் கடிக்கும். கணவாய் எண்டாச் சாப்பிடுவன்."

"சல்லி மீன்காரரை நேவி கடலுக்குப் போக விட்டா ஞாயிற்றுக்கிழமை விடியவே எடுப்பிச்சிடுவன்" என்றார் அக்கா.

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துப் பார்த்து, சீனி இப்போது அளவு என்று தலையாட்டினார் பூரணமக்கா. குவளையோடு இரண்டாம் பெட்டிக்குள் போய் இருந்தார்.

"ரீச்சர், நோர்வேக்கு ஒரு கோல் போடுங்கோ" என்றார். "மகன் வேலையில நிப்பான், அவனை விடுங்கோ. அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்கோ. மாமி கதைக்க வேணுமாம் எண்டு சொல்லுங்கோ."